ஐந்துக்கும் குறைவு

திருடுபோன கைக்கடிகாரங்களுக்கு
நான்தான் கணக்குப்பிள்ளை.
நியூகாசிலில், டைன் ஆற்றைப் பார்த்த மூன்றாவது மாடி,
வெந்நீர்க் குழாய் முனகும் அறை.
யார் வேண்டுமானாலும் கேட்கலாம், சட்டம் அப்படி.
இருபது வேலை நாளில் பதில் போயாக வேண்டும்.
பத்திரிகைக்காரர் கேட்பார், காப்பீட்டுக்காரர் கேட்பார்,
ஒருமுறை பள்ளிச் சிறுமி ஒருத்தி கேட்டாள்,
எந்தக் கிழமையில் அதிகம் என்று.
சனி.

தேதி, தெரு, வேளை, தயாரிப்பு, மதிப்பு, நிலை.
கடைசிப் பத்தியில் பெரும்பாலும் ஒரே வாசகம்:
சந்தேக நபர் யாரும் அடையாளம் காணப்படவில்லை.
அதை நான் தட்டச்சு செய்வதில்லை.
விரல் வைத்துக் கீழே இழுத்தால்
வரிசை முழுக்க இறங்கிவிடும்,
ஓட்டுக்கூரையில் மழைத்தண்ணீர் மாதிரி.

பெயரை எடுத்துவிடுவேன்.
வீட்டு எண்ணை எடுத்துவிடுவேன்.
பதினொன்று நாற்பது என்பது 'இரவு' ஆகும்.
வரைபடத்துப் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தி
ஏதாவது பெட்ரோல் பங்க் ஓரமாக வைப்போம்.
ஒரு தெருவில் ஒன்று, இரண்டு, நான்கு என்று வந்தால்
எண்ணையே மூடி எழுதுவோம்:
ஐந்துக்கும் குறைவு.
ஆளை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதல்லவா.

அந்த ஆளே எழுதியிருந்தார்.
ஆல்வின் கார்பட், இரவுப் பேருந்து ஓட்டுநர்.
"உங்கள் பட்டியலில் எட்டாயிரத்து நானூறு பவுண்டு என்று
ஒரு வரி இருக்கும். அது நான். அது பொய்.
கடிகாரம் போலி. ஸ்பெயினில் ஒரு கடற்கரையில்
துண்டு விற்பவனிடம் முப்பது யூரோவுக்கு வாங்கியது.
காவலர் விலை கேட்டபோது
பக்கத்தில் என் மைத்துனர் கத்பர்ட் நின்றார்.
அவரிடம் நான்கு வருடமாக அசல் என்றுதான் சொல்லிவந்தேன்.
காப்பீட்டுப் பணம் எதுவும் நான் கேட்கவில்லை.
தயவுசெய்து வரியைத் திருத்துங்கள்."

பதில் எழுதினேன்:
அப்படியொரு வரி இருப்பதை உறுதிசெய்யவும் இயலாது,
மறுக்கவும் இயலாது.
தனிநபரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டியிருக்கிறது.

தனிநபர் திரும்ப எழுதினார்:
அந்தரங்கம் என்னுடையதுதானே.
காக்க வேண்டாம், விட்டுவிடுங்கள்.

இதற்கு நடுவே மாலைத்தாளில் கொட்டை எழுத்து:
கடிகாரக் களவு, சராசரி மதிப்பு கிடுகிடு உயர்வு.
டேனரி சந்தில் ஒரு கடை இரும்புக் கதவு போட்டுக்கொண்டது.
கவுன்சிலர் தெல்மா ஹெஸ்லப் கேமரா வேண்டுமென்றார்.
மதியச் சாப்பாட்டு வேளையில் நான் கணக்குப் போட்டேன்.
அந்தக் காலாண்டில் மொத்தம் பதினொன்று.
கார்பட் இல்லாமல் சராசரி நூற்றிருபது.
கார்பட்டோடு எண்ணூற்று எழுபத்திரண்டு.
சாண்ட்விச் பாதியில் நின்றது.
ஒரு மனிதரின் வெட்கம்
ஒரு நகரத்தையே பணக்கார நகரமாக்கியிருக்கிறது.

திருடனுக்குத் தேள் கொட்டியதும் உண்டு.
எங்கோ ஓர் அடகுக் கடையில்
கண்ணில் லென்ஸ் வைத்து ஒரு நொடி பார்த்துவிட்டு
கடைக்காரர் சிரித்துத் திருப்பித் தள்ளியிருப்பார்.
அவன் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பான்?
அவன் ஏமாந்ததை எந்தப் பத்தியில் போடுவது?
எடுத்தவன், இழந்தவர், கடைக்காரர், நான்:
உண்மை தெரிந்தவர்கள்
ஐந்துக்கும் குறைவு.

மூன்றாவது கடிதத்துக்கு, விதிக்கு வெளியே
ஒரு வரி சேர்த்தேன்:
நிலையத்துக்குப் போய்ப் புதிதாக வாக்குமூலம் கொடுத்தால் முடியும்.
போனாரா, மைத்துனரோடு போனாரா, தெரியாது.
அக்டோபர்ப் பட்டியலின் அடியில்
எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு முளைத்தது:
முந்தைய பதிவு ஒன்று திருத்தப்பட்டுள்ளது.
மாலைத்தாள் அதை எழுதவில்லை.
இரும்புக் கதவு இன்னும் இருக்கிறது.

நேற்று தாமதமாகி, கடைசிப் பேருந்தில் ஏறினேன்.
ஓட்டுநருக்கு அறுபது வயதிருக்கலாம்.
சட்டைக் கை மணிக்கட்டுவரை இறங்கியிருந்தது.
மணி என்ன என்று கேட்டிருக்கலாம்.
சீட்டை வாங்கிக்கொண்டு
பின்னால் போய் உட்கார்ந்தேன்.