கொழும்பு 13

போத்தலின் முதுகில் எழுதியிருந்தது:
மேலே சரளை, கீழே களி,
பகலில் எரிவெயில், இரவில் மலைக்குளிர்.
தண்ணீர் தேடி வேர் ஆழம் போனதாம்,
பழத்தின் தோல் தடித்ததாம்,
அதுதான் இந்தச் சிவப்பாம்.
வாசித்து முடிக்குமுன்
என் கழுத்து நனைந்துவிட்டது.

நிரஞ்சலா ஒரு மிடறு வாயில் சுழற்றி
வாளியில் துப்பினாள்.
"ஜாம் காய்ச்சின சட்டி."

ஒரு முத்திரைக்காக
புளூமெண்டால் வீதி யார்டில்
பதினொரு நாள் கிடந்த கொன்டெயினர்.
சித்திரை.
தகரத்தில் கை வைக்க முடியாது.

திருப்பி அனுப்பும் படிவத்தில்
'விளைந்த இடம்' என்றொரு கட்டம்.
மலையின் பெயரை எழுதினேன்.
கமா போட்டேன்.
கொழும்பு 13.

"அதை வெட்டிவிடுங்கோ" என்றாள்,
கிளாஸை வெளிச்சத்தில் சரித்தபடி.

இரண்டாம் மிடறை
அவள் துப்பவில்லை.