ஐந்தாம் மாடிக் கயிறு

என் சைக்காவில் இரண்டு சாக்கு.
ஒன்று மீனுக்கான ஐஸ்,
ஆற்றுத் தண்ணீரில் உறைந்தது.
மற்றது வாய்க்கு.
மீன் சாக்கின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன்.

கரும்புச் சாறு பிழியும் கோ ஞோ
வெயில் ஏறியதும் கேட்பான்:
"சிவப்புதான் மலிவு, இறக்கிட்டுப் போ சூசை.
குளிர்ச்சியில என்ன நல்லது கெட்டது?"
போன வருஷம் ஒரு தடவை இறக்கினேன்.
ஒரே தடவை.
மறுவாரம் அந்தத் தெருவில் மூன்று வீட்டில் வயிற்றோட்டம்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
அந்தக் கட்டி மட்டும்
இன்னும் கரையாமல் கிடக்கிறது.

திஞ்சான் முடிந்து பத்து நாள்.
தெருவெல்லாம் ஊற்றிய தண்ணீர்
எங்கே போனதென்று தாருக்கே தெரியாது.
நாற்பத்திரண்டு டிகிரி என்கிறது மருந்துக்கடைப் பலகை.
கரண்ட் நாலு மணி நேரம் வரும்,
அதுவும் எந்த நாலு என்று சொல்லிவிட்டு வராது.

ரங்கூன் தெருக்களில்
பால்கனிக்கு ஒரு கயிறு தொங்கும்.
கீழ்முனையில் கிளிப், மேல்முனையில் மணி.
நான் இழுப்பேன், மேலே கிணுகிணுக்கும்,
பணம் இறங்கும், பை ஏறும்.
எனக்குப் பல வீடுகளின் முகம் தெரியாது.
கைகளைத் தெரியும், முழங்கை வரை.

ஐந்தாம் மாடி, தகரக் கூரைக்கு அடியில்
தையல்காரி மா சான் யூ.
ஜூனில் பள்ளி திறக்குமுன்
நூற்றுச் சொச்சம் பச்சைக் கைலிகள் தைக்க வேண்டும்.
பதினொரு மணிக்கு அவள் கை எட்டிப் பார்க்கும்.
அன்று இழுத்தேன்.
மணி அடித்தது. கை வரவில்லை.
இன்னொரு தடவை.
அடுத்த வீட்டுக் காக்கைதான் பதில் சொன்னது.

ஐஸ்காரனுக்கு நின்றால் நஷ்டம்.
நிமிஷத்துக்கு இவ்வளவு என்று சாக்கடைக்குள் சொட்டும்.
இரண்டு வீடு தள்ளிப் போய்விட்டேன், உண்மையைச் சொல்கிறேன்.
பிறகு திரும்பினேன்.
வாய்க்கான சாக்கு அதற்குள் காலி.
சிவப்புக் கட்டியைத் தோளில் போட்டு
எண்பத்தெட்டுப் படி.

கதவு திறந்தே இருந்தது.
தையல் மெஷினில் தலை சாய்த்துக் கிடந்தாள்,
ஊசி பாதிக் கரையில்.
நெற்றியில் தனகா வெடித்திருந்தது.
தொட்டேன். வேர்வையே இல்லை,
அப்போதுதான் எடுத்த இஸ்திரிப் பெட்டி மாதிரி.
பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்
யாரிடமோ அளவு சொல்கிறாள்.

கத்தினேன். எதிர்வீட்டு மா ஃபியூ வந்தாள்.
செம்பில் தண்ணீர் கொண்டுபோய் வாயில் வைக்கப் போனாள்,
தட்டிவிட்டேன்.
சான்பியா சந்தையில் மூட்டைக்காரன் ஒருவன் விழுந்தபோது
செஞ்சிலுவைப் பெண் ஒருத்தி அலறியது காதில் இருந்தது:
நினைவில்லாத வாயில் ஊற்றாதே, நுரையீரலுக்குப் போகும்,
தண்ணீரை மேலே கொட்டு, விசிறு,
கழுத்து, அக்குள், தொடையிடுக்கு.
பச்சைத் துணியில் ஐஸைச் சுற்றினோம்.
"இடுப்புக்குக் கீழ நான் வைக்கிறேன்,
நீ அந்தப் பக்கம் திரும்பு," என்றாள் மா ஃபியூ.
சுவரைப் பார்த்து விசிறினேன்,
அட்டையால், அரைமணி நேரம்.

குடிக்கக் கூடாத ஐஸ்.
மீன் கண்களை மூட விடாத ஐஸ்.
அது ஒரு மனுஷியின் கழுத்தில் உருகி
தரையில் பச்சையாக ஓடியது, சாயம் போய்.

நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள்.
கிளினிக்கில் மூன்று நாள்.

பிறகு விசாரித்தால் காரணம் சின்னது.
கரண்ட் இல்லாவிட்டால் பம்ப் ஓடாது,
பம்ப் ஓடாவிட்டால் கக்கூசுக்குத் தண்ணீர் இல்லை.
அதனால் அவள் குடிப்பதையே நிறுத்தியிருந்தாள்,
காலையில் ஒரு டம்ளர், அவ்வளவுதான்.

என் மனைவி லூர்து கேட்டாள்:
"நீ எத்தனை டம்ளர் குடிச்சே இன்னைக்கு?"
நாள் முழுக்க ஐஸ் சுமக்கிறவன்
விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன்.
ஒரு விரலிலேயே நின்றது.

இப்போது கைப்பிடியில் ஒரு பாட்டில் தொங்குகிறது,
ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சர்க்கரை, எலுமிச்சை.
கோ ஞோ கேட்பதை நிறுத்தவில்லை.
நானும் சிவப்பை அவிழ்க்கவில்லை.

நேற்று ஐந்தாம் மாடிக் கயிறு தானாக இறங்கியது.
கிளிப்பில் பணம் இல்லை,
பள்ளிக்கூடப் பச்சையில் ஒரு தொப்பி,
பின்கழுத்தை மூடத் துணி விட்டுத் தைத்தது.
ஐம்பத்தொரு வயதில்
ஒன்றாம் வகுப்புப் பையன் போல மிதித்துப் போகிறேன்.
பதினொரு மணிக்கு, வாங்குகிறவர்கள் வாங்காதவர்கள் என்றில்லை,
கைக்கு எட்டும் கயிறையெல்லாம் இழுக்கிறேன்.
திட்டுகிறார்கள்.
திட்டினால் சரி, அடுத்த வீடு.