மூன்றாம் அறைக்கு ஏழு

உரை முடிந்து வெளியேறும் வாசலில்
மூன்று அட்டைக்கட்டுகள், ஒரு பெட்டி.
பச்சை என்றால் பிடித்தது.
மஞ்சள் என்றால் பரவாயில்லை.
சிவப்பு போடுகிறவர்கள்
பெட்டியைப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போவார்கள்.

நான் எண்ணுகிறவள்.
அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, புர்னோ,
மாட்டிவைத்த கோட்டுகளிலிருந்து
மழை இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிற மாலை.
யாரோ பச்சையையும் சிவப்பையும்
கிளிப் போட்டுச் சேர்த்துப் போட்டிருந்தார்.
குழுவில் அரைமணி நேரம் விவாதம்.
கடைசியில் மஞ்சள் என்று எழுதிக்கொண்டோம்.

பெரிய அரங்கில் பேசிய ஸ்திஸ்லாவா
எண்ணும் மேசைக்கே வந்துவிட்டாள்.
முந்நூற்று நாற்பது பச்சை, பதினொரு மஞ்சள்,
ஒரே ஒரு சிவப்பு.
பச்சையைத் தொடவில்லை.
சிவப்பைத் திருப்பினாள்.
பின்பக்கம் பென்சிலில்:
பால், ரொட்டி, நாலு திருகாணி.
"இதற்கு என்ன அர்த்தம்?"
பால் வாங்கணும் என்று அர்த்தம், என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் அறை ரதோவானுக்கு
மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம்,
தூக்கத்துக்கு எழுதிக்கொடுத்த நேரம்.
நாற்காலி அறுபது. தலை ஒன்பது.
அட்டை ஏழு, ஏழும் பச்சை.
தாளை வாங்கியவர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"ஒன்பது பேர் இருந்தார்களே,
மற்ற இருவர்?"

தெரியாது என்றேன்.
தெரியும்.
ஒருவன் மைக் பார்த்துக்கொண்ட பொஹுமில்,
இன்னொருத்தி நான்.
வேலையில் இருப்பவர்கள் அட்டை போடக் கூடாது.

போட்டிருந்தால் மஞ்சள்தான்.
பாதி நேரம் திரையோடு பேசினார்,
எங்களுக்கு முதுகு.
வாக்கியங்கள் ஒன்றின் காலை ஒன்று மிதித்தன.
ஆனால் அந்த ஒலொமோட்ஸ் பேக்கரி...
அவர் எழுதிக்கொடுத்த புரோகிராமில்,
கடிகாரம் பின்னால் போகிற இரவில்,
இரண்டரை மணி இரண்டு தடவை வந்து
அடுப்பு இரண்டு தடவை மூண்டு
அறுநூறு ரொட்டியும் கரி.
விடிவதற்குள் ஓடிப்போய் நின்றவரின் கையில்
முதலாளியம்மா ஒன்றை வைத்து,
"சாப்பிடுங்கள்" என்றாளாம்.
சாப்பிட்டாராம்.
அதைச் சொல்லும்போது மட்டும்
திரும்பி எங்களைப் பார்த்தார்.

அன்றைக்கும் அதே இரவுதான்.
மூன்று மணி மறுபடி இரண்டானது.
உபரியாக வந்த ஒரு மணியில்
சமையலறை மேசையில் உட்கார்ந்து,
பையோடு வந்துவிட்ட மஞ்சள் அட்டையில் எழுதினேன்:
எங்களைப் பார்த்துப் பேசுங்கள்.
ரொட்டியை முதலில் சொல்லுங்கள்.
என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது
பாதித் தூக்கத்திலிருந்து எழுந்து
"சாப்பிட்டாரா!" என்றார்.

கையெழுத்துப் போடவில்லை.
காலையில் அவர் பெயரிட்ட உறைக்குள்
நழுவவிட்டேன்.

தாளில் ஏழு.
உறையில் எட்டு.
எண்ணிப் பார்க்காமல் விடுகிற ஆளில்லை அவர்.