நாலாம் நம்பர் கம்ப்யூட்டர்

நெல்லியடிச் சந்தியில் தேத்தண்ணிக் கடைக்கு மேல்மாடி.
ஆறு கம்ப்யூட்டர், அஞ்சுக்குத்தான் மவுஸ்.
அரை மணித்தியாலம் இருபது ரூபா.
ஆட்களுக்கு நான் முகப்புக் கட்டிக் கொடுத்தேன்.

வீட்டு முகப்பு இல்லை.
இணையத்தைத் திறந்தவுடன் வருமே, அந்தப் பக்கம்.
மூன்று நிரல், பிடித்து இழுத்து வைக்கிற பெட்டிகள்.
இது மேலே, அது கீழே, இது வேண்டாம்.

பென்சன்காரர் பேரம்பலத்தாருக்கு ரெண்டே பெட்டி:
கனடா டொலர் என்ன விலை,
ஆர் செத்தது.
"மற்றதெல்லாம் தானா வந்து சேரும் தம்பி."

சவரிமுத்து அண்ணைக்குக் காற்று.
காற்று மட்டும், திசையும் வேகமும்.
பெட்டிக்குள் சூரியன் சிரித்துக்கொண்டிருக்கும்;
ஜன்னலால் எட்டி வடக்கைப் பார்த்துவிட்டு
"இவன் பொய் சொல்லுறான்" என்று காசைத் தருவார்.
அடுத்த நாளும் வருவார்,
இன்றைக்கு என்ன பொய் என்று பார்க்க.

நிதர்சன் பதினேழு செய்தி ஓடைகளைச் சேர்த்தான்.
படியாதது ஆயிரத்தைத் தாண்டியதும்
எண் களைத்து நின்று பக்கத்தில் ஒரு கூட்டல் குறி.
உயர்தர இரசாயனவியலும்
அவனுக்கு அப்படித்தான் கிடந்தது.

தவயோகினி வெள்ளிக்கிழமைகளில் வருவா,
கோயிலால் நேரே, சந்தனம் காயாமல்.
நாலாம் நம்பரில்தான் இருப்பா.
இரண்டு மணிக்கூடு கேட்டா.

ஒன்று எங்கட நேரம்.
பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன்,
யாழ்ப்பாணம் இல்லை.
எங்கட நேரத்துக்குக் கொழும்பு என்று பேர்.
"பரவாயில்லை, முள்ளு ஒண்டுதானே" என்றா.

மற்றது குகபாலனுடைய நேரம்.
சரக்குக் கப்பலில், இயந்திர அறையில் எண்ணெய் போடுகிற வேலை.
இந்த வெள்ளி மொம்பாசா, வேறொரு வெள்ளி சாந்தோஸ்.
நான் ஊரை மாற்ற, அவ முள்ளைப் பார்த்து
சாப்பிட்டிருப்பார் என்பா,
படுத்திருப்பார் என்பா.
துறைமுகம் விட்ட கிழமைகளில்தான் சிக்கல்.
கடலுக்கு ஊர் இல்லை. பெட்டியும் விடாது:
ஒரு நகரத்தைத் தெரிவு செய்க.
"கடைசியா நிண்ட இடத்திலேயே நிக்கட்டும்."
அப்படி ஒரு மாசம்
மணிக்கூடு சாந்தோஸில் நின்றது,
கப்பல் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

ஆவணியில் ஒரு செவ்வாய் வந்தா.
"கொழும்பு போடுங்கோ."
"ரெண்டாவதுக்குமோ?"
"ஓம்."
ரெண்டும் ஒன்றென்றால் ஒன்றை எடுக்கலாமே,
இடம் மிச்சம் என்று
என் கை பெருக்கல் குறிக்குப் போனது.
"எடுக்காதேங்கோ."

மின்னஞ்சல் திறக்கவில்லை, செய்தி பார்க்கவில்லை.
பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்டம்.
நாலேகால். நாலேகால்.
நாலு பதினாறு. நாலு பதினாறு.
கீழே மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்தது.
இருபது ரூபாயை மேசையில் வைத்துவிட்டு
படியில் தடதடவென்று இறங்கினா.

பிறகு எங்கேயோ ஆரோ அந்தச் சேவையை மூடினார்கள்.
மேலே மஞ்சள் பட்டையில் வந்தது அறிவித்தல்,
ஒருத்தரும் கேட்டு வாங்காத செய்தி.
எல்லாருடைய பட்டியலையும் கோப்பாக இறக்கி வைத்தேன்.
கேட்டு ஒருவரும் வரவில்லை.
அதற்குள் ஒவ்வொரு கையிலும் போன்.

இப்ப அதே மாடியில் போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறேன்.
போன மாசம், கரண்ட் போய் வந்த ஒரு பின்னேரம்,
பழைய கோப்பைப் புது வாசிப்பானில் ஏற்றினேன்.
நிதர்சனின் பதினேழில் பதினைந்துக்குப் பேச்சில்லை.
ஒன்று சப்பாத்து விற்கிறது.
ஒன்று இன்னும் 2011 உலகக் கிண்ணத்தில் நிற்கிறது.
பேரம்பலத்தாரின் ரெண்டாவது பெட்டி மட்டும்
ஒரு நாள் தவறவில்லை: நாற்பத்திமூன்று புதிது.
அவருடையதும் அதில் எப்பவோ வந்து போயிருக்கும்.
நான் பின்னுக்கு உருட்டவில்லை.

மணிக்கூடுகளைத் தேடினேன்.
கோப்பு முகவரிகளைத்தான் எடுத்து வைக்கும்,
நேரத்தை எடுக்காது.

"அண்ணை, முடிஞ்சுதே?" என்றான்
கண்ணாடிக்குக் காத்திருந்த பெடியன்.
"பொறு தம்பி, ஒரு குமிழி கிடக்கு."