இரண்டாம் சாவி

முதல் ஐம்பது பக்கம் தாண்டிடு,
அப்புறம் கீழேயே வைக்க மாட்டே
என்றாள் பிரிசில்லா.
வைத்தேன்.
காட்பாடியில் ஒருமுறை, லத்தேரியில் ஒருமுறை.
குடியாத்தம் வருவதற்குள்
சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் போய்விட்டது.

பின்னட்டையில் பதினோரு பேர் மூச்சுத் திணறியிருந்தார்கள்.
உள்ளே ஆறு திருடர்கள்.
ஆளுக்கொரு பழைய காயம்,
மழை பெய்தால் மட்டும் அதை நினைத்துக்கொள்வார்கள்.
அந்த ஊரில் அடிக்கடி மழை.

கடலுக்கடியில் கஜானா, ஏழு கதவு,
ஏழாவதைத் திறக்க
இறந்த அரசனின் மூச்சு வேண்டும்.
அட, என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
மூச்சு அவள் கழுத்துத் தாயத்திலேயே இருந்ததாம்
முதல் அத்தியாயத்திலிருந்து.
நம்மிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வர நியாயம் உண்டு.
நகைக்கடன் கிளையில் இரண்டாம் சாவி என்னுடையது.
முதல் சாவி மேனேஜர் கஜேந்திரனிடம்.
அவர் வண்டி பஞ்சரான ஒரு திங்கட்கிழமை
பதினொன்றே கால் வரை பெட்டகம் திறக்கவில்லை;
பதினாலு பேர் டோக்கனோடு,
ஃபேனுக்குக் கீழே இடம் பிடிக்க ஒரு சண்டை.
அந்தப் பதைப்பு
ஏழு கதவிலும் சேர்த்து இல்லை.

அங்கே காவலர்கள்
ஒரு சிட்டிகைப் பொடிக்குச் சாய்ந்துவிடுகிறார்கள்.
எங்கள் தணிகாசலம்,
பகலில் சுவர் குடித்த மே மாத வெயில்
ராத்திரி இறங்கும்போது
மாத்திரை போட்டும் தூங்காதவர்.

சரி, உள்ளே என்ன இருந்தது?
தங்கம். குவியல் குவியலாக.
யாருடையது என்று ஆறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.
எங்களிடம் குவியல் கிடையாது.
பொட்டலம். எண், எடை, பெயர்.
குமுதவல்லி, தோடு ஒரு ஜோடி,
கல் நீக்கி நாலரை கிராம்.
மகனை நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்றாங்க என்றவள்
கழற்றிய கையோடு
காதில் துடைப்பக் குச்சி ஒடித்துச் செருகிக்கொண்டாள்.
ஓட்டை தூர்ந்துடக் கூடாது பாரு,
ஆடிக்குள்ள மீட்டுடுவேன்.

இது எந்த ஆடி என்று அவள் சொல்லவில்லை.

அந்தக் கதையில் நிஜமாகவே சுவரேறிக் குதித்தது
நான் ஒருத்திதான்:
நானூற்றுப் பன்னிரண்டிலிருந்து ஐநூறுக்கு.
யாரும் பார்க்கவில்லை.
ஒன்றும் குறையவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, கோட்டை அகழிக் கம்பியோரம்,
எப்படி, எப்படி? என்றாள் பிரிசில்லா.
கண்ணுக்குக் கீழே மூன்று மாத நைட் டூட்டி.
ஐ.சி.யூ.வில், ஒரு அலாரத்துக்கும்
அடுத்ததுக்கும் நடுவில் படித்தாளாம்.
ஏழு கதவுக்குள்ளும் அவள் போய் வந்திருக்கிறாள்.
நான் வாசலில் நின்று
பூட்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தாயத்து இடம்... என்று இழுத்தேன்.
அதானே! என்று முழங்கையைப் பிடித்துக் கிள்ளி
பையிலிருந்து எடுத்தாள்
இரண்டாம் பாகம்.

வாங்கிய கை
பழக்கத்தில் எடை பார்த்தது.
முக்கால் கிலோ,
கல் நீக்காமல்.