ஞாயிற்றுக்கிழமை நான்கு

ஞாயிறு மட்டும் நான்கு வண்டி இழுத்தேன்.
இரண்டு போர்ஷே, ஒரு பி.எம்.டபிள்யூ,
மஞ்சளில் ஏதோ ஒன்று. பெயர் படிக்க
முகப்பு மிஞ்சவில்லை.

ஐஃபெல் மலையில் வளைவுக்கொரு வானிலை.
கீழே ஆடெனாவில் வெயிலைப் பார்த்து நம்பி
நூர்புர்க்ரிங் ஏறுகிறார்கள்
மூடுபனிக்குள்.

என்னைக் கேட்டால்,
அறுநூறு குதிரைத்திறன் எதற்கு?
அதில் ஐந்நூறு பெட்ரோல் பங்கில்
நின்றபடியே செலவாகிறது.
பின்னிறக்கை பெரிதென்றால் ஆள் புதிது;
இந்தக் கணக்கு இரண்டு முறை தப்பியிருக்கிறது.

ஃபார்முலா ஒன்று? டயரைக் காப்பாற்றும் விரதம்.
கொழுந்தன் வெண்டெலின் பார்க்கட்டும்,
நான் அந்நேரம் தூங்குவேன்.
ராலிக்காரர்கள் வேறு.
சேற்றில் இறங்கித் தாங்களே தள்ளுவார்கள்.
அவர்களிடம் காசு வாங்கக் கை கூசும்.
வாங்குவேன்.

மஞ்சள் காரின் பையன், காசல் ஊர்க்காரன்,
என் பக்கத்து இருக்கையில்
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
"டயர் சூடேறவில்லை" என்றான்.
இந்த இருக்கையில் உட்கார்ந்த
யாருக்கும் சூடேறியதில்லை.
வளைந்த தடுப்புக்கும் பில் வரும் என்பதை
அப்போது சொல்லவில்லை.
ஃபிளாஸ்கில் மீதமிருந்த காப்பியைக் கொடுத்தேன்.

சட்டையில் தைத்த பெயரைப் படித்துக் கேட்டான்:
"நீங்கள் என்ன ஓட்டுவீர்கள், ஹைட்ருன்?"

தொண்ணூற்றொன்றாம் வருஷத்து மாஸ்டா.
நூற்றுப்பதினைந்து குதிரை, கூரை ஒழுகும்.
வளைவில் பிடி விடப்போவது
கண்ணுக்கு முன்னால் இடுப்புக்குத் தெரிந்துவிடும்.

"ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிஷம்?"

தெரியாதப்பா.
பாதியிலேயே போன் அடித்துவிடும்.