விடுபட்ட பெயர்

ஆடி மாத இதழில் என் பெயரை விட்டுவிட்டார்கள்.
பாளையங்கோட்டை அச்சகத்தில்
பக்கத்தின் அடியில் ஒரு வரிக்கு இடமில்லையாம்.
கட்டுரைத் தலைப்பு: தாழ்மை.

சிரிப்பு வரவேண்டிய இடம்தான். எனக்கு வரவில்லை.
போன் செய்தேன்.
"அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுருதோம் டீச்சர்."
எந்தப் பக்கத்தில், எவ்வளவு பெரிய எழுத்தில்
என்று கேட்ட குரல்
என் குரல்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி.
நல்லூரில் ஜெபக்கனி வீட்டுக் கூட்டம்.
காற்றில் தூள் பறக்காமலிருக்க
பீடிச் சுளகுகளுக்கு ஈரத்துண்டு போர்த்திக்
கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தார்கள்.
புகையிலை மணக்கும் விரல்களால்
சங்கீதம் தேடிப் புரட்டினார்கள்.

பாட்டு, ஜெபம், பிறகு
மெர்சி அந்த இதழை எடுத்தாள்.
"யாரு எழுதுனதுன்னு தெரியல. பேரு போடல.
ஆனா கேளுங்க."

எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள்.
நான் மூன்று இரவு இழைத்த வாக்கியத்தை
நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தி
மூச்சு வாங்கினாள்.
திருத்த வாயெடுத்தேன்.
அந்த இடைவெளியில்
யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.

சொர்ணபாக்கியம்.
கதவோரம், கடைசி ஆள்.
பதினோரு வருஷமாக மைனியோடு பேச்சில்லை,
பொதுக் கிணற்று மோட்டாரில் வந்த தகராறு.
திருவிருந்துக்கு மைனி
பீடத்தின் வலப்பக்கம் முழங்காலிட்டால்
இவள் இடப்பக்கம் போவாள்.

மெர்சி முடிக்குமுன் எழுந்துவிட்டாள்.
யாரிடமும் சொல்லவில்லை.
முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு
வாசலில் வலதுகால் செருப்பை மாட்டினாள்.
மைனி வீடு அங்கிருந்து நான்காவது.

அப்போது சொன்னேன்.
"அது நான் எழுதுனது."

என்ன அவசரம் எனக்கு?
இன்னும் ஒரே ஒரு செருப்பு.
அதை மாட்டும் நேரம்
என் நாக்கு பொறுத்திருக்கக் கூடாதா?

"யாத்தீ, நம்ம டீச்சரா!"
எல்லா முகமும் என் பக்கம் திரும்பின.
சொர்ணபாக்கியமும் திரும்பினாள்.
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து
என் கையைப் பிடித்து
"நல்லா எழுதிருக்கிய டீச்சர்" என்றாள்.
கண்ணில் ஈரம் அப்படியே இருந்தது.
ஆனால் அது இப்போது
எனக்கான ஈரம்.

காப்பி வந்தது. சீனி தூக்கல்.
வேறென்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டார்கள், சொன்னேன்.
கேட்காததையும் சொன்னேன்.
ஐந்து மணிக்கு அவரவர் சுளகு அவரவர் மடிக்கு வந்தது.
கட்டு குறைந்தால் கடைக்காரர் கழித்துவிடுவார்.

ஆண்டவரே,
நீர் எழுதியதாக நாங்கள் அறிந்தது ஒரே ஒருமுறை,
அதுவும் தரையில், விரலால்.
என்ன எழுதினீர் என்று இன்றுவரை தெரியாது.
கல் வைத்திருந்த கைகள்
ஒவ்வொன்றாய்க் கலைந்து போனதுதான் தெரியும்.
நானாயிருந்தால்
அந்த மண்ணைச் சுற்றிச் சட்டம் அடித்திருப்பேன்.

திருத்தம் வேண்டாம் என்று
அச்சகத்துக்குச் சொல்லிவிட நினைத்தேன்.
சொன்னால், சொன்னதை
யாரிடமாவது சொல்லிவிடுவேன் என்று பயம்.
பேசாமல் இருந்தேன். பயம்தானா அது,
ஆசையா என்று
இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆவணி இதழ் வந்தது.
தடித்த எழுத்தில், பிழையில்லாமல்.
இரண்டு முறை பார்த்தேன்.

விடிகாலையில் கிணற்றுப் பக்கம் மோட்டார் ஓடுகிறது.
ஒற்றைப்படை நாள் சொர்ணபாக்கியத்துக்கு,
இரட்டைப்படை மைனிக்கு.
மைனி குடத்தைக் கல்லில் இடித்து வைப்பாள்,
இவள் சத்தமில்லாமல் வைப்பாள்.
இன்று யார் முறையென்று
படுத்தபடியே எனக்குத் தெரிகிறது.